ஆழ்வார்திருநகரி வரை உம் கொட்டினேன்

என் செருப்புக்குள் என் கால் நுழைய மறுத்ததுதான் முதல் அறிகுறி. எட்டாம் மாதம் முடியப்போகிற சமயம். என் கணவர் முருகேசனின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு மேலப்பாளையம் தபால் நிலையத்துக்கு வேலைக்குப் போனேன். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் யார் என் காலைப் பார்க்கப் போகிறார்கள்?

வீட்டில் பார்த்தார்கள். என் அம்மா உயிரோடு இல்லாததால் என்னைக் கவனித்துக்கொள்ள மாமியார் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தார். "நீர் கோத்திருக்கு. பிள்ளத்தாச்சிக்கு இது வாரதுதான்" என்று பார்லிக் கஞ்சி காய்ச்சித் தந்தார். நானும் குடித்தேன். பிடரியில் இருந்த தலைவலியையும், திடீர் திடீரென்று கண்முன் பொறி பறப்பதையும் அவரிடம் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பேறுகால விடுப்பில் ஒரு நாளைக்கூடப் பிள்ளை பிறப்பதற்கு முன்னால் எடுத்துவிடக் கூடாது என்று நினைத்திருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. அந்த விடுப்பு முழுவதையும் சுவரைப் பார்த்துக்கொண்டு கழித்தவள் நான். இந்த முறை எல்லா நாளும் பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

அந்த முதல் பிரசவத்தில் வலி எனக்குப் பெரிதில்லை. பிரசவ அறைக்குள் ஒரு பகல் முழுவதும் தனியாகக் கிடந்தேன். சுற்றிலும் ஆட்கள் நடந்தார்கள், பேசினார்கள். என் பெயரைச் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை. பிறந்த பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். பார்த்தால் மறக்க மாட்டாள் என்று எனக்குக் காட்டவில்லை. பார்க்காததால்தான் மறக்கவில்லை என்பதை யாரிடம் சொல்வது? இரண்டாம் முறை வயிற்றில் தங்கியபோது நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். உள்ளே என்னைத் தனியாக விடாதீர்கள்.

பாத்துக்கா ஒரு பதிவுத் தபால் வாங்கக் கவுண்டருக்கு வந்தார். முழுப்பெயர் மைதீன் பாத்து. தபால் நிலையத்துக்குப் பின் தெருவில் வீடு. நாற்பது வயது இருக்கும். பகலெல்லாம் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுவார். அந்தத் தெருவில் பாதி ஆண்கள் வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தார்கள். பெண்களுக்கு நேரம் வந்தால், "பாத்துக்காவைத் துணைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்பார்கள். அவர் மருத்துவச்சி இல்லை. யாராவது அப்படிச் சொல்லிவிட்டால் கோபம் வரும். "பிள்ளய எடுக்கது டாக்டரம்மா வேல. கூட இருக்கது என் வேல" என்பார்.

அன்று அவர் கையெழுத்துப் போடாமல் என் முகத்தையே பார்த்தார்.

"கண்ணு ரெண்டும் அதைச்சிருக்கே. தலைய வலிக்கா?"

"இல்லக்கா."

"கண்ணுக்குள்ள மின்மினி பறக்கா?"

நான் முத்திரையைத் தேடினேன். அவர் என்னை விட்டுவிட்டு நேராகப் போஸ்ட் மாஸ்டரிடம் போனார். "சார், இந்தப் பிள்ளய நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க கவுண்டர அடைச்சாலும் சரி, அடைக்காட்டாலும் சரி." நான் சேர்த்து வைத்த விடுப்பு அந்த நிமிடம் தொடங்கியது. ஆட்டோவில் போகும்போது அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனை. கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்த சிஸ்டர் இரண்டாம் தடவையும் பார்த்தார், பிறகு டாக்டரம்மாவைக் கூட்டி வந்தார். என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி விளக்கில் சூடுகாட்டினார்கள். மேலாக வெள்ளையாகத் திரிந்து நின்றது. "முட்டையோட வெள்ளக்கரு வேகும்லா, அது மாதிரி. ஒடம்புல இருக்க வேண்டிய சத்து யூரின்ல போகுது" என்று டாக்டரம்மா விளக்கினார். முட்டையே வீட்டுவாசல் ஏறாத சைவக் குடும்பம் எங்களுடையது. தகவல் கேட்டு வந்திருந்த மாமியார் பயத்தோடு, "எங்க வீட்டுல அதெல்லாம் கெடையாது டாக்டர்" என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

நோய் இதுதான். கர்ப்பத்தால் வரும் ரத்தக்கொதிப்பு. காலும் முகமும் வீங்கும், சிறுநீரகம் தளரும். மீறிப் போனால் மூளையைத் தாக்கி ஜன்னி கண்டுவிடும். கை கால் வெட்டி இழுத்து நினைவு போய்விடும். தாய், பிள்ளை இரண்டு உயிருக்கும் ஆபத்து. இதற்கு ஒரே மருந்து பிரசவம். எங்கள் வீட்டுப் பார்லிக் கஞ்சிக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளைக்கு இன்னும் சில நாள் வயிற்றுக்குள் கொடுத்துப் பார்ப்போம் என்று ஊசியும் மாத்திரையும் தந்தார்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும், உப்பில்லாத சாப்பாடு. முருகேசன் கூட்டுறவு வங்கிக் குமாஸ்தா. எழுதிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். சிஸ்டர் சொல்லும் ரத்த அழுத்தத்தைப் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வார். சட்டைப்பை முழுக்க டிக்கெட். அதில் எந்த எண் நல்லது, எந்த எண் கெட்டது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பாத்துக்கா சிஸ்டரிடம் கேட்டு வந்து சொல்வார். "இது தூங்குததுக்கு ஊசி. இது கொதிப்பு கொறையதுக்கு. பிள்ளைக்கு ஒண்ணும் செய்யாதாம், கேட்டுட்டேன்." காலையில் வீட்டில் பீடி சுற்றிவிட்டு வருவார். புகையிலை வாடை எனக்குக் குமட்டும் என்று புளி போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் என்னைத் தொடுவார். சும்மா இருக்கும்போதும் அவர் விரல்கள் காற்றில் பீடி சுற்றிக்கொண்டே இருக்கும். இடுப்பை நீவிவிடுவார், தலை வாரிவிடுவார். அந்த முதல் பிள்ளையைப் பற்றி என்னிடம் யாருமே கேட்டதில்லை. அவர்தான் கேட்டார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. "அழாதே" என்றும் சொல்லவில்லை.

மாமியாரைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் பாத்துக்கா தொட்ட பிளாஸ்கை அவர் என் கண்முன்னால் கழுவினார். பாத்துக்காவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மூன்றாம் நாள் என் அழுத்தம் ஏறி வார்டே பரபரத்து அடங்கிய பிறகு, அந்தப் பிளாஸ்கில் பாத்துக்கா வாங்கி வந்த டீயை மாமியார் இரண்டு டம்ளரில் ஊற்றி ஒன்றை அவரிடம் நீட்டினார். இருவரும் குடித்தார்கள்.

ஐந்தாம் நாள் இனிப் பொறுக்க முடியாது என்றார் டாக்டரம்மா. வலி வருவதற்கான மருந்தைப் பாட்டிலில் ஏற்ற, காலையில் என்னைப் பிரசவ அறைக்குக் கூட்டிப் போனார்கள். பாத்துக்காவும் கூடவே வந்தார். வாசலில் சிஸ்டர் கையை நீட்டித் தடுத்தார்.

"வெளியாள் உள்ள வரக்கூடாதும்மா."

"ஒரு மூலைல நிக்கேன் சிஸ்டர்."

"எல்லாரையும் விட்டா நான் எங்க நிக்க? இது ஆஸ்பத்திரி ரூல்."

அவரையும் குறை சொல்ல முடியாது. மூன்று மேசைக்கு அவர் ஒருத்தர், கூட ஒரு ஆயாம்மா. எதிர்ப்பக்க மேசையில் ஒரு பெண் ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தினார்கள். எனக்கு இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தப் பகல் அப்படியே திரும்பி வந்தது. அதே பச்சைத் துணி, அதே மருந்து நெடி. சத்தம் போட்டு அழவும் வெட்கமாக இருந்தது.

என் தலைமாட்டில், உயரத்தில், கம்பி போட்ட ஒரு ஜன்னல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதற்கு வெளியே இருந்து குரல் வந்தது.

"கோமதி! கேக்கா?"

"கேக்குக்கா."

"சுத்திக்கிட்டு இந்தப் பக்கம் வந்துட்டேன். தோட்டத்துக் கல்லு மேல உக்காந்திருக்கேன். நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே வருவேன். நீ உம் கொட்டணும். உம் வரலேன்னா நான் இங்கன இருக்க மாட்டேன், உள்ள வந்துருவேன். சிஸ்டர் கிட்ட எனக்கு ஏச்சு வாங்கித் தராத."

"என்ன கதக்கா?"

"கதயெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சது ஒரே ஒரு ரோடு. காயல்பட்டினத்துல எங்க லாத்தா வீடு இருக்குல்லா, பஸ்ஸுல போவோம் வா."

லாத்தா என்றால் அக்கா. ஒவ்வொரு பிரசவத்துக்கும் அந்த அக்கா வீட்டுக்குத்தான் அவர் போனாராம். எக்ஸ்பிரஸ் வண்டி இல்லை, கை காட்டுகிற இடத்தில் எல்லாம் நிற்கிற வண்டி என்று முதலிலேயே எச்சரித்துவிட்டார். பஸ் பாளையங்கோட்டையை விட்டுக் கிளம்பியது. நான் உம் கொட்டினேன். கிருஷ்ணாபுரத்தில் கோயிலுக்கு வந்த ஒரு கூட்டம் ஏறியது. உம். வலி வந்தால் பஸ் நிற்கும். "மூச்ச அடக்காத, பைய விடு, பைய. எல்லாரும் எறங்கட்டும்." வலி போனதும் விசில் கொடுத்துவிடுவார். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் எத்தனை பீடி சுற்றலாம் என்பது அவருடைய கடிகாரம். "போன தடவ பன்னெண்டு பீடி. இப்பம் எட்டுதான். வண்டி நல்லா போகுது கோமதி!"

செய்துங்கநல்லூரில் ஒருவர் ஆட்டுக்குட்டியோடு ஏறப் பார்த்துக் கண்டக்டரிடம் சண்டை போட்டார். கருங்குளத்தில் ஒரு கிழவர் தூங்கிக்கொண்டே தன் ஊரைத் தாண்டிவிட்டார். எதிர் மேசைப் பெண்ணும் கத்துவதை நிறுத்திக் கேட்கத் தொடங்கியிருந்தாள். "அவர எறக்கி விட்டாங்களாக்கா?" என்று அவளே கேட்டாள். புதுக்குடி, ஸ்ரீவைகுண்டம் பாலம், தண்ணீர் நிறைந்த ஆறு, இரண்டு பக்கமும் வாழை. நான் வலியில் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வலியில் இருந்தேன், ஆனால் தனியாக இல்லை.

நடுப்பகல் தாண்டியிருக்கும். எதிர் மேசையில் பிள்ளை பிறக்கும் நேரம், சிஸ்டரும் ஆயாம்மாவும் எனக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். மறுபடி கண்ணில் பொறி பறந்தது. "ஆழ்வார்திருநகரி வந்துட்டு. ஒரு பூக்காரி கூடையோட ஏறுதா" என்று பாத்துக்கா சொன்னது காதில் விழுந்தது. அதற்கு நான் உம் கொட்டினேனா என்று எனக்குத் தெரியாது.

விழித்தபோது ஒரு இருட்டறை. ஜன்னலில் கறுப்புத் துணி கட்டியிருந்தது. வெளிச்சமும் சத்தமும் பட்டால் ஜன்னி மறுபடி வரும் என்று அப்படி வைத்திருந்தார்கள். நாக்கு கடிபட்டுத் தடித்துக் கிடந்தது. வயிறு இல்லை. ஒன்றரை நாள் ஆகியிருந்தது.

ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினார்கள். பெண். இரண்டு கிலோகூட இல்லை, பல்பு எரியும் சூட்டுப்பெட்டியில் வைத்திருந்தார்களாம். நான் பார்த்தேன். இது என் பிள்ளை இல்லை என்று மனதுக்குள் ஒன்று தெளிவாகச் சொன்னது. என் பிள்ளை போன முறை மாதிரியே போய்விட்டது, நான் தாங்க மாட்டேன் என்று வேறு யாருடையதையோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

இதைப் படிப்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். எனக்கு அப்போது அதைவிட உறுதியான உண்மை எதுவும் இருக்கவில்லை. வலி வந்தது, பிறகு ஒன்றுமில்லை, பிறகு ஒரு பிள்ளை. நடுவில் உள்ளதை நான் பார்க்கவில்லையே. முருகேசன், "நம்ம பிள்ளதான் கோமதி, சத்தியமா" என்றார். அவர் வாசலுக்கு வெளியே நின்றவர், அவருக்கு எப்படித் தெரியும்? மாமியார் தன் மாமனார் ஜாடை என்றார். எந்தப் பிள்ளையைக் காட்டினாலும் அவர் அதைத்தான் சொல்வார்.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். பிள்ளையை மார்பில் போட்டார்கள், விலக்கவில்லை. ஆனால் யாருடைய பிள்ளைக்கோ கடன் கழிப்பது போலக் கிடந்தேன். பாலும் சரியாக வரவில்லை. எங்கள் பக்கத்தில் பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள், வயிறு பெருத்துவிடும் என்பார்கள். காலைக்கு அரை டம்ளர், மாலைக்கு அரை டம்ளர். போதாததற்கு உப்புக் கூடாது என்று டாக்டர் சொன்னது மாமியாருக்குத் தண்ணீரும் கூடாது என்று ஆகிவிட்டது. என் உதடு வெடித்தது.

பாத்துக்கா தினமும் வந்தார். முதல் வேலையாகப் புளி போட்டுக் கை கழுவி, காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டு இளஞ்சூட்டு நீரில் குளிப்பாட்டுவார். என் உதட்டைப் பார்த்தார். மாமியாரின் உதட்டையும் பார்த்தார். அதுவும் வெடித்திருந்தது.

"நீங்க ஏம்மா தண்ணி குடிக்காம இருக்கிய?"

மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். "அவ நாக்கு வறண்டு கெடக்கா. அவளுக்கு முன்னால நான் எப்பிடி மடக்கு மடக்குன்னு குடிக்க?"

அத்தனை நாளும் அவரும் இரண்டு அரை டம்ளரில் இருந்திருக்கிறார். யாருக்கும் தெரியாது. பாத்துக்கா ஒரு செம்பு நிறையச் சுக்கு வெந்நீர் கொண்டுவந்தார். "டாக்டரம்மா கிட்ட கேட்டுட்டேன். உப்பத்தான் கொறைக்கச் சொன்னாக. தண்ணி குடிச்சாத்தான் பால். மொதல்ல நீங்க குடிங்க, பெறவு அவ குடிப்பா." மாமியார் முதல் மடக்கைக் குடித்தபோது அவர் கண்ணில் நீர் வந்தது. நானும் குடித்தேன். உடம்பு குடித்தது. மனம் பழைய இடத்திலேயே இருந்தது.

அடுத்த நாள் பாத்துக்கா பிள்ளையைக் குளிப்பாட்டி என் பக்கத்தில் படுக்கவைத்தார். மாமியார் அடுக்களையில் இருந்தார். பாத்துக்கா கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். விரல்கள் காற்றில் பீடி சுற்றின.

"ஆழ்வார்திருநகரில பஸ்ஸு நின்னு போச்சுல்லா, கோமதி."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பூக்காரி ஏறுதான்னு சொன்னேன். உம் வரல. மறுபடி கூப்பிட்டேன். வரல. கல்ல விட்டு எறங்கி ஓடியாந்து கதவத் தள்ளிட்டு உள்ள விழுந்தேன். நீ வெட்டி வெட்டி இழுக்கே. நான் போட்ட சத்தத்துல சிஸ்டர் ஓடியாந்து உன்னய ஒருக்களிச்சுப் பிடிச்சாக. டாக்டரம்மா வந்து ஊசி போட்டாக. என்னய வெளிய போன்னு சொல்ல அங்கன யாருக்கும் நேரமில்ல. உன் கைய பிடிச்சுக்கிட்டு நின்னேன். அதுதான் அடுத்த ஸ்டாப்பு, தென்திருப்பேரை."

நான் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினேன்.

"குரும்பூருல ஆயுதம் போட்டாக. பெரிய கரண்டி மாதிரி ரெண்டு. தல வந்துது. முடின்னா முடி, அம்புட்டு முடி. அழல. நீலமா இருந்துது. எனக்கு உசுரே போச்சு. டாக்டரம்மா தலகீழாப் பிடிச்சுத் தட்டுதாக, தட்டுதாக. ஆறுமுகநேரி உப்பளத்துக்கிட்ட ஒரு தும்மல் போட்டா பாரு உம் மக! அழுகதுக்கு முன்ன தும்முனா. பெறவுதான் அழுகை."

பிள்ளை தூக்கத்தில் வாயைச் சப்பியது. இடப்பக்கக் கன்னத்தில் ஆயுதம் பட்ட சிவந்த தடம் மங்கிக்கொண்டிருந்தது. அதுவரை நான் அதை மச்சம் என்றோ மாற்றுப் பிள்ளையின் அடையாளம் என்றோதான் நினைத்திருந்தேன்.

"துணில சுத்தி அடுத்த ரூமுக்குக் கொண்டு போனாக. நீ சொன்னது ஞாபகம் வந்துது, மொதப் பிள்ளய எங்க கொண்டு போனாகன்னே தெரியாதுன்னு. உன் கைய, சத்தம் கேட்டு உள்ள ஓடியாந்த உங்க அத்தை கையில பிடிச்சுக் குடுத்துட்டு, உன்னயப் பாக்க இத்தன பேரு இருக்காக, அதப் பாக்க ஆளு வேணும்லான்னு பின்னாலயே போனேன். பெட்டிக்கு முன்னால உக்காந்தேன். நீ கண்ணு முழிச்சு உன் கையில குடுக்கது வர அந்த எடத்த விட்டு எந்திரிக்கல. ஒன்னுக்குப் போகணும்னாலும் உங்க அத்தைய உக்கார வச்சிட்டுத்தான் போனேன். அல்லா மேல ஆணை. கை மாறல. காயல்பட்டினம் வந்துட்டு. எறங்குதியா?"

என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம்தான் வந்தது. உம்.

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. பிறகு நான் அழுத அழுகைக்கு மாமியார் கரண்டியோடு ஓடிவந்தார். நான் பிள்ளையை நானாக எடுத்தேன். முதல் முதலாக. மேல்துணி நனைந்து பால் கொட்டியது. என் மகளே, என் மகளே என்று சொன்னதாக மாமியார் சொல்கிறார். சொல்லியிருப்பேன்.

இப்போது அவளுக்குப் பதினோரு மாதம். பெயர் வள்ளி. இன்னும் அழுவதற்கு முன்னால் ஒரு தும்மல் போடுகிறாள். போன வாரம் திருச்செந்தூரில் மொட்டை போட்டுக் காது குத்துவதற்காகப் பஸ்ஸில் போனோம். பாத்துக்கா காயல்பட்டினத்தில் அக்கா வீட்டுக்குப் போக அதே வண்டியில் வந்தார். முன் இருக்கையில் மாமியாரும், டிக்கெட்டைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு முருகேசனும். நானும் பாத்துக்காவும் பின்னால். வள்ளி என் மடியில். முந்தின நாள் வேறொரு பெண்ணோடு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த அசதி, பாத்துக்கா ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். விரல்கள்கூட அசையவில்லை.

ஸ்ரீவைகுண்டம் பாலம் தாண்டியது. ஆற்றில் தண்ணீர் இருந்தது. நான் ஏறும் படியையே பார்த்தேன். வண்டி நின்றது. ஒரு பூக்காரியும் ஏறவில்லை. பள்ளிக்கூடப் பையன்கள்தான் ஏறினார்கள்.

"அக்கா, ஆழ்வார்திருநகரி வந்துட்டு" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே பாத்துக்கா சொன்னார்: "உம்."